எரிந்த பாலத்தில் காலியாக விட்ட முக்கோணங்கள்

சுவிட்சர்லாந்து என்றதும் நம் ஆட்களுக்கு நினைவுக்கு வரும் நாலைந்து படங்களில் ஒன்று லுசேர்ன் நகரத்து மரப்பாலம். ஓட்டுக் கூரை போட்ட நீண்ட பாலம், இரண்டு ஓரமும் ஜெரேனியம் பூக்கள், நடுவில் தண்ணீருக்குள்ளிருந்து எழும்பும் எண்கோணக் கல் கோபுரம், பின்னால் பிலாட்டுஸ் மலை. காலண்டரில் பார்த்திருப்பீர்கள், சாக்லேட் டப்பா மூடியிலும் பார்த்திருப்பீர்கள். நேரில் போனாலும் அப்படியேதான் இருக்கிறது, அந்தப் படத்தில் பொய் எதுவும் இல்லை. ஆனால் எந்தக் காலண்டரிலும் வராத ஒரு விஷயம் அந்தக் கூரைக்கு உள்ளே இருக்கிறது. பாலத்தின் பாதித் தூரம் போய்த் தலையை நிமிர்த்திப் பார்த்தால்தான் தெரியும். அதைப் பற்றி எழுதத்தான் இந்தப் பதிவு.

சூரிச்சிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. லுசேர்ன் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் முதலில் கண்ணில் படுவது பாலம் இல்லை, திறந்த வெளியில் தன்னந்தனியாக நிற்கும் ஒரு பெரிய கல் வளைவு. அதன் பின்னால் கட்டடம் எதுவும் கிடையாது. 1971 பிப்ரவரியில் பழைய ரயில் நிலையம் தீயில் எரிந்துபோனது. அதன் முகப்பு வாசலை மட்டும் எடுத்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். முதலில் அதைப் பார்த்தபோது பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை, ஏதோ நினைவுச்சின்னம் என்று கடந்து போய்விட்டேன். மாலையில் திரும்பி வரும்போதுதான் இந்த ஊரின் குணம் அந்த வாசலிலேயே ஆரம்பித்துவிட்டது என்று புரிந்தது.

அங்கிருந்து சில நிமிட நடை. ஏரியிலிருந்து ரொய்ஸ் ஆறு வெளியேறும் வாயில்தான் ஊர் இருக்கிறது. ஏரித் தண்ணீர் அசையாமல் கிடக்கும், பாலத்துக்கு அந்தப் பக்கம் அதே தண்ணீர் திடீரென்று வேகம் பிடித்து ஓடும். கல்லைக்கூட எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு. சாலைப் பாலத்தில் பேருந்துகளும் கார்களும் போய்க்கொண்டே இருக்க, அதற்குச் சற்றுத் தள்ளி இந்த மரப்பாலம் ஆற்றைக் குறுக்காக வெட்டாமல் சாய்வாக, நடுவில் ஒரு மடிப்போடு போகிறது. ஆற்றைக் கடக்க மட்டும் ஒரு பாலம் வேண்டுமென்றால் யாரும் இப்படிக் கட்ட மாட்டார்கள். உண்மையில் இது கடப்பதற்காக மட்டும் கட்டியது இல்லை. 14-ஆம் நூற்றாண்டில் இது நகரத்துக் கோட்டை மதிலின் ஒரு பகுதி. ஏரி வழியாகப் படகில் வரும் எதிரியைத் தடுக்க, வடகரையிலுள்ள பழைய ஊரையும் தென்கரையிலுள்ள சின்ன ஊரையும் தண்ணீரின் மேலேயே இணைத்த காவல் பாதை. பக்கத்திலிருக்கும் புனித பேதுரு சிற்றாலயத்தை வைத்துக் கப்பெல்புரூக்கே, அதாவது சிற்றாலயப் பாலம் என்று பெயர். நடுவிலுள்ள கோபுரம் பாலத்துக்கும் மூத்தது, 1300 வாக்கில் எழுந்தது. சிறையாக இருந்திருக்கிறது, சித்திரவதைக் கூடமாக இருந்திருக்கிறது, நகரத்துக் கஜானாவாகவும் ஆவணக் கிடங்காகவும் இருந்திருக்கிறது. 34 மீட்டருக்குமேல் உயரம். பூக்களுக்கு நடுவே அதைப் பார்க்கிறவர்களுக்கு அந்த வரலாறு சட்டென்று உறைக்காது.

உள்ளே போனால் கால் வைக்கும் இடமெல்லாம் பலகைச் சத்தம். தண்ணீர் ஓடுவதும் காலுக்கடியில் கேட்கிறது. கூட்டம் என்றால் கூட்டம், செல்ஃபி எடுப்பவர்கள் இரண்டு பக்கக் கைப்பிடியையும் பிடித்துக்கொள்கிறார்கள், நடுவில் ஒரு வரிசை போகிறது, ஒரு வரிசை வருகிறது. எல்லார் கண்ணும் வெளியே, ஏரிப் பக்கம். மேலே பார்ப்பவர்கள் குறைவு. ஆனால் பாலத்தின் சொத்தே மேலேதான் இருக்கிறது. கூரையைத் தாங்கும் உத்தரங்கள் சேரும் இடத்தில் ஒரு முக்கோண இடைவெளி வரும் இல்லையா, அந்த ஒவ்வொரு முக்கோணத்திலும் ஒரு ஓவியப் பலகை. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹான்ஸ் ஹைன்ரிஷ் வேக்மன் என்ற ஓவியர் வரைந்தவை. எந்தப் படம் எங்கே, என்ன கதை என்று திட்டம் போட்டுக் கொடுத்தவர் நகரச் செயலாளர் ரென்வார்ட் சீசாட். நகர மன்றத்து ஆட்கள் ஆளுக்கொரு பலகைக்குக் காசு கொடுத்தார்கள், கொடுத்தவர்களின் குடும்பச் சின்னம் படத்தோடு இருக்கும். நம் ஊர்க் கோயில் டியூப்லைட்டில் உபயம் எழுதுவது மாதிரிதான். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்குப் படத்தின் கீழே எதுகையோடு ஜெர்மன் வரிகள், தெரியாதவர்களுக்குப் படமே போதும். மொத்தம் 158 பலகைகள் இருந்தன. ஊர் வரலாறு, சுவிஸ் போர்கள், ஊரின் காவல் புனிதர்களான லெயோடெகாரின் கதையும் மவுரீஷியஸின் கதையும். சந்தைக்குப் போகிறவர்கள் தினமும் நடந்துகொண்டே படித்த சரித்திரப் புத்தகம் அது.

தொடக்கத்திலேயே ஒரு ராட்சசன் வருகிறான், கையில் பிடுங்கிய மரத்தோடு. அவனுக்கு ஒரு கதை உண்டு. 1577-இல் லுசேர்னுக்கு வடக்கே ரைடன் என்ற கிராமத்தில் ஒரு மரம் சாய்ந்தபோது அதன் வேருக்கு அடியில் பெரிய பெரிய எலும்புகள் கிடைத்தன. பாசல் நகரத்து மருத்துவர் ஃபீலிக்ஸ் பிளாட்டர், அந்தக் காலத்தில் உடற்கூறு அறிவில் பெரிய பெயர் எடுத்தவர், அவற்றை ஆராய்ந்து இது ஒரு ராட்சச மனிதனின் எலும்புக்கூடு என்று முடிவு சொன்னார். ஊருக்கு ஒரே பெருமை. ராட்சசன் லுசேர்னின் சின்னத்தைத் தாங்கும் ஆளாகிவிட்டான். பிறகுதான் தெரிந்தது, அவை மாமூத் யானையின் எலும்புகள். நான் அந்தப் பலகைக்குக் கீழே ரொம்ப நேரம் நின்றேன். வண்ணம் மங்கிப்போய், பலகைகளை ஒட்டிய கோடு படத்தின் நடுவில் தெரிகிறது. ராட்சசனின் முகத்தில் மட்டும் ஒரு திருப்தி. எத்தனை தலைமுறை ஜனங்கள் இவனை உண்மை என்று நம்பி இதே இடத்தில் நிமிர்ந்து பார்த்திருப்பார்கள்! எலும்பு யாருடையது என்று தெரிந்த பிறகும் படத்தை இறக்கவில்லை என்பது எனக்குப் பிடித்திருந்தது.

அப்படியே ஒவ்வொரு பலகையாகப் பார்த்துக்கொண்டு நடந்தால் ஓர் இடத்தில் மரத்தின் நிறம் மாறுகிறது. உத்தரங்கள் வெளிறித் தெரிகின்றன. முக்கோணங்கள் காலி. சில இடங்களில் பலகை இருக்கிறது, ஆனால் அதில் படம் இல்லை, கருகிய மரம்தான் முக்கோண வடிவில் தொங்குகிறது. மேற்பரப்பு முழுக்கக் கரிக்கட்டையில் வரும் வெடிப்பு, கட்டம் கட்டமாக. ஒரு மூலையில் கொஞ்சம் நிறம் மிச்சமிருக்கிறதா என்று உற்றுப் பார்த்தேன், இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

1993 ஆகஸ்ட் 18, நள்ளிரவு தாண்டிய நேரம். பாலத்துக்கு அடியில் கட்டியிருந்த ஒரு படகில் பிடித்த தீ மேலே ஏறியதாகச் சொல்கிறார்கள். யாரோ வீசிய சிகரெட் துண்டாக இருக்கலாம் என்பது பரவலான கருத்து, யார் எவர் என்று கடைசி வரை நிரூபணமாகவில்லை. பல நூற்றாண்டு காய்ந்த மரம், மேலே கூரை, கீழே காற்று. பாலத்தின் பெரும்பகுதி எரிந்துவிட்டது. இரண்டு கரையோரத் துண்டுகளும் கல் கோபுரமும் தப்பின. ஓவியங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. தீயில் மிஞ்சியவற்றைச் சேகரித்ததில் முழுமையாகச் சீர்செய்ய முடிந்தது 30 மட்டுமே.

அன்றைக்கு அந்த ஊரில் இருந்த ஒருவரை நான் சந்தித்தேன். 1980-களில் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, லுசேர்னில் பல உணவகச் சமையலறைகளில் வேலை பார்த்து, இப்போது ஓய்வில் இருப்பவர். நண்பர் ஒருவர் மூலம் அறிமுகம். பாலத்தருகே பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அன்று காலை என்ன பார்த்தீர்கள் அண்ணா என்று கேட்டேன்.

"விடிய வேலைக்குப் போறன் தம்பி, பாலத்தைக் காணேல்லை. தண்ணிக்கு மேல புகைதான். கரை முழுக்கச் சனம். ஒருத்தரும் கதைக்கேல்லை. பக்கத்தில நிண்ட ஒரு கிழவி என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு அழுதவ. ஆரெண்டே தெரியாது. எனக்கு அப்ப இந்தப் பாசையும் வடிவாத் தெரியாது."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவரே சொன்னார், "எனக்கு எங்கடை லைப்ரரி ஞாபகம் வந்திட்டுது."

யாழ்ப்பாணப் பொது நூலகத்தைத்தான் சொன்னார். 1981 மே 31 இரவு வைத்த தீயில் ஏறக்குறைய 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் போன நூலகம். லுசேர்னில் நடந்தது விபத்து. யாழ்ப்பாணத்தில் தீ வைத்தார்கள். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேச முடியாது, அவரும் அப்படிப் பேசவில்லை. அவர் சொல்ல வந்தது வேறு. நூலகத்தைத் திரும்பக் கட்டி 2003-இல் திறந்தபோது அது வெள்ளை வெளேரென்று, எதுவுமே நடக்காத மாதிரி நின்றது என்றார். எரிந்த சுவரை அப்படியே விட வேண்டும் என்று கேட்டவர்களும் அப்போது இருந்தார்கள். நூலகம் வேண்டும், பிள்ளைகளுக்குப் படிக்க இடம் வேண்டும், அதில் அவருக்கு மாற்றுக் கருத்து இல்லை. "ஒரு சுவரையாவது விட்டிருக்கலாம் தம்பி," என்றார். "இஞ்ச பாருங்கோ, எரிஞ்ச பலகையைக் கழட்டாம விட்டிருக்கினம்."

எனக்கு அதுவரை அந்தக் காலி முக்கோணங்கள் ஒரு குறையாகத்தான் தெரிந்தன. அவர் சொன்ன பிறகு மறுபடி பாலத்துக்குள் போய்ப் பார்த்தேன். இந்த முறை அவற்றை மட்டும்.

பாலத்தைத் திரும்பக் கட்ட அவர்கள் எடுத்துக்கொண்டது எட்டே மாதம். 1994 ஏப்ரல் 14 அன்று திறந்துவிட்டார்கள், செலவு 34 லட்சம் சுவிஸ் பிராங்க். பழைய அமைப்பே, மரமே, ஓடே. அதனால் இன்று நாம் நடக்கும் பாலத்தின் பெரும்பகுதி 1994-இல் அறுத்த மரம். ஐரோப்பாவின் மிகப் பழைய கூரை போட்ட மரப்பாலம் என்று வழிகாட்டிகள் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். சொன்னால் பாலத்தின் மதிப்பு குறைந்துவிடாது. ஆற்றில் நிற்கும் மரப்பாலத்தில் பலகை மாற்றாமல் எந்தக் காலமும் ஓடியிருக்காது. தண்ணீர் அரிக்கும், வெள்ளம் வரும், கால்கள் தேய்க்கும், மாற்றிக்கொண்டேதான் இருந்திருப்பார்கள். பாலம் என்பது நடப்பதற்கு, நடப்பதற்கு உறுதியான மரம் வேண்டும், அதை உடனே போட்டார்கள். சரி.

ஆனால் ஓவியம் அப்படி இல்லை. இங்கேதான் ஊரில் நீண்ட வாக்குவாதம் நடந்தது. உள்ளூர் வழக்கறிஞர் ஒருவர் தம் சொந்தப் பணத்தில் ஓவியங்களின் நகல்களை வரைய வைத்தார், எரிந்துபோனவற்றின் இடத்தில் மாட்டுங்கள் என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. இந்தப் பாலம் முதலிலிருந்து கடைசிவரை தொடர்ச்சியாகக் கதை சொல்வதற்காக வடிவமைத்தது, நடுவில் பாதிக் கதை இல்லாமல் போனால் அது என்ன பாலம்? வருகிறவர்களுக்கு முழுசாகக் காட்டலாமே? நகரம் ஒப்புக்கொள்ளவில்லை. இருக்கும் அசல் இருக்கட்டும், போனது போனதாகவே தெரியட்டும் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

நகரம் செய்ததுதான் சரி என்பது என் கருத்து, அதை அழுத்தமாகவே சொல்கிறேன். நகலை மாட்டியிருந்தால் நான் அந்த ராட்சசனைப் பார்த்த மாதிரிதான் மீதியையும் பார்த்திருப்பேன், எது 400 வருடத்துப் பலகை, எது நேற்று வரைந்தது என்று தெரியாமல். தெரியாத பட்சத்தில் இரண்டுமே மலிந்துபோகும். வெற்று முக்கோணத்துக்குக் கீழே நின்ற பிறகு அடுத்த துண்டில் அசல் பலகை வரும்போது அதன் ஒவ்வொரு மங்கல் வண்ணமும் பெரிதாகத் தெரிகிறது. கருகிய பலகை தொங்கும் இடத்தில் நின்றுதான் சிகரெட் பிடிக்கக்கூடாது என்ற எச்சரிக்கைக்கு அர்த்தம் வருகிறது. வரலாற்றுப் பாலத்தில் 1993-உம் ஒரு வருடம்தானே, அதை மட்டும் ஏன் அழிக்க வேண்டும்?

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லுசேர்னில் இழந்த மரப்பாலம் என்றால் எல்லாரும் தீயைப் பற்றித்தான் பேசுகிறார்கள். தீயில்லாமலே போன பாலம் ஒன்று உண்டு, ஹோஃப்புரூக்கே. பழைய ஊரிலிருந்து புனித லெயோடெகார் ஆலயத்துக்கு ஏரியின் மேலேயே போன மரப்பாலம், 380 மீட்டருக்கும் நீளம், ஊரிலிருந்த மூன்று மரப்பாலங்களில் அதுதான் பெரியது, அதிலும் பைபிள் கதைகளைச் சொல்லும் முக்கோண ஓவியங்கள். 19-ஆம் நூற்றாண்டில் சுற்றுலா வளர ஆரம்பித்ததும் ஏரிக்கரையை மண் போட்டு நிரப்பி, பெரிய ஹோட்டல்களுக்கும் உலாவும் சாலைக்கும் இடம் தேடி, அந்தப் பாலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து எடுத்துவிட்டார்கள். இந்தக் கப்பெல்புரூக்கேகூட முன்பு 270 மீட்டருக்கு மேல் இருந்ததுதான். கரை உள்ளே நகர நகர வெட்டிக் குறைத்து இப்போது 204 மீட்டர் சொச்சம். இன்று கைக்கடிகாரக் கடைகளும் சுற்றுலாப் பேருந்துகளும் நிற்கும் ஷ்வானன்பிளாட்ஸ் சதுக்கத்திலிருந்து ஆலயத்தின் இரட்டைக் கோபுரம் வரை நடந்து பாருங்கள், அந்த நடை முழுக்க ஒரு காலத்தில் தண்ணீரின் மேல். அதற்குக் காலி முக்கோணம் யாரும் விடவில்லை. எரிந்ததற்கு ஊரே அழுதது, தானே திட்டம் போட்டு இடித்ததற்கு ஒரு பலகைகூடத் தெருவில் இல்லை. நம் ஊர்களிலும் சாலை அகலப்படுத்தும்போது போன சத்திரங்களும் மண்டபங்களும் எத்தனை, தீப்பிடித்திருந்தால் நாமும் பத்திரிகையில் எழுதியிருப்போம்.

அப்புறம் ஷ்ப்ராயர் பாலம். ஆற்றோடு சில நிமிடம் கீழே நடந்தால் வரும். லுசேர்ன் வருகிறவர்களில் பாதிப் பேர் இங்கே வருவதே இல்லை, எனக்கு அது பெரிய வருத்தம். 1408-இல் முடித்த பாலம், 1566-இல் வெள்ளம் அடித்துக்கொண்டு போக மறுபடி கட்டியது. பக்கத்தில் மாவு அரைக்கும் ஆலைகள் இருந்தன. ஊருக்குக் கடைசிப் பாலம் என்பதால் உமியையும் பதரையும் ஆற்றில் கொட்ட இங்கிருந்து மட்டும் அனுமதி. கப்பெல்புரூக்கேயை விடச் சின்னது, இருட்டானது, நடுவில் ஒரு குட்டி மாதா சிற்றாலயம். இங்கேயும் முக்கோண ஓவியங்கள், ஆனால் விஷயம் ஒன்றே ஒன்றுதான், சாவு. காஸ்பர் மெக்லிங்கர் என்ற ஓவியர் 1626 முதல் 1635 வரை வரைந்த மரண நடனம். 67 பலகைகளில் 45 இன்னும் இருக்கின்றன, தீ தொடாதவை.

ஒவ்வொரு படத்திலும் ஒரு எலும்புக்கூடு வந்து யாரையாவது கூட்டிக்கொண்டு போகிறது. போப்பாண்டவரை, அரசரை, மணப்பெண்ணை, வியாபாரியை, கடைசியில் ஓவியரையும்தான். மிரட்டும் சாவு இல்லை. ரொம்ப மரியாதையாக, தெரிந்தவர் வீட்டுக்கு வந்து கிளம்பலாமா என்று கேட்கிற பாவனையில் கையைப் பிடிக்கிறது. பிடிக்கப்பட்டவர்கள் பலரும் நன்றாக உடுத்தி, ஏதோ வேலை நடுவில் இருக்கிறார்கள். பணம் கொடுத்த குடும்பங்களின் சின்னமும் பெயரும் பலகையிலேயே உண்டு. தன் குடும்பப் பெயரோடு தன் சாவைப் பொது வழியில் மாட்டி வைக்கக் காசு கொடுத்திருக்கிறார்கள். முப்பதாண்டுப் போர் நடந்த காலம், கொள்ளைநோய் வந்து வந்து போன காலம், சாவு அவர்களுக்கு அவ்வளவு பழக்கம். நான் போனபோது பள்ளிப் பை மாட்டிய இரண்டு பிள்ளைகள் அந்தப் படங்களுக்குக் கீழே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சத்தமாகச் சிரித்தபடி போனார்கள். மேலே பார்க்கவில்லை, தினமும் பார்த்ததாயிற்றே.

அண்ணாவும் கூட வந்திருந்தார். இந்த ஆற்றில்தான், ஊரைத் தாண்டிக் கீழே, நம்மவர்கள் அஸ்தி கரைக்கிறார்கள் என்று சொன்னார். நகரம் அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. தம் மனைவியின் அஸ்தியையும் இங்கேதான் கரைத்தாராம். வேறெதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஷ்ப்ராயர் பாலத்தை ஒட்டியே ஒரு பழைய தடுப்பணை இருக்கிறது, பொறியியலில் ஆர்வமுள்ளவர்கள் அதைப் பார்க்காமல் வரக்கூடாது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டிய ஊசி அணை. ஆற்றின் குறுக்கே இரும்புச் சட்டம், அதன் மேல் சாய்த்து வரிசையாக நிறுத்திய நீண்ட மரச்சட்டங்கள், அவைதான் ஊசிகள். தண்ணீரின் அழுத்தமே அவற்றைச் சட்டத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். ஏரி ஏறினால் ஆட்கள் போய் ஊசிகளைக் கையாலேயே ஒவ்வொன்றாக உருவி எடுப்பார்கள், இறங்கினால் திரும்ப வைப்பார்கள். 2005 ஆகஸ்ட் வெள்ளத்தில் ஊரின் தெருக்களில் தண்ணீர் ஏறியது. அதற்குப் பிறகு அணையைப் பலப்படுத்தினார்கள், ஆனால் ஊசிகளை எடுத்துவிடவில்லை. அவ்வளவு பெரிய ஏரியின் மட்டத்தை ஆள் உருவும் மரச்சட்டங்கள் இன்றும் கட்டுப்படுத்துகின்றன என்பதைக் கண்ணால் பார்க்க எனக்குப் பெரிய சந்தோஷம்.

போகிறவர்களுக்கு என் யோசனை இது. காலையில் கூட்டம் வருவதற்கு முன் கப்பெல்புரூக்கேயைப் பாருங்கள், புகைப்படத்தைச் சாலைப் பாலத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம், உள்ளே போனதும் போனைப் பையில் போட்டுவிட்டு மேலே பாருங்கள். காலி இடங்களைத் தாண்டி வேகமாகப் போகாதீர்கள். மதியத்துக்கு மேல் ஷ்ப்ராயர் பாலத்துக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் கொடுங்கள், வெளிச்சம் குறைந்தால் ஓவியங்கள் சரியாகத் தெரியாது. வயதான பெற்றோரைக் கூட்டிப் போனாலும் சிரமமில்லை, எல்லாமே மெதுவாக நடக்கிற தூரம்தான். சூரிச்சுக்கு இரவு வரை அடிக்கடி ரயில் இருக்கிறது.

அண்ணா வழக்கமாக வந்து உட்காரும் பெஞ்ச் ஆற்றின் தென்கரையில், கோபுரம் நேராகத் தெரிகிற இடத்தில் இருக்கிறது. தமிழில் பேசிக்கொண்டு போனால் அவரே கூப்பிட்டு எந்த ஊர் என்று கேட்பார்.